ஏரியின் அளவுகோலும் கணினியின் வேகமும்

நுழையும்முன்

தவறு உடனே கண்ணில் படும். தளர்ச்சி அவ்வாறு படுவதில்லை. சிறிது சிறிதாகக் குறையும் வேகத்தைக் கண்டறிய ஓயாத அளவீடு வேண்டும். மென்பொருள் வல்லுநர்கள் அதனைத் தானியங்கி முறையில் எவ்வாறு நிகழ்த்துகின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஏரி தரும் பாடம்

கடலூர் மாவட்டத்தில், திருமுட்டம் என்னும் ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தை அடுத்து வீராணம் ஏரி பரந்து கிடக்கிறது. சோழர் காலத்தில் அமைக்கப்பெற்ற அவ்வேரியின் முழு நீர்மட்டம் 47.50 அடி. கரையில் நின்று பார்ப்பவருக்கு நேற்றைய நீரும் இன்றைய நீரும் ஒன்றாகவே தோன்றும். நாள்தோறும் குறிக்கப்பெறும் அளவே நீர் இறங்கிவருவதை உணர்த்தும். கணினி உலகிலும் இத்தகைய கண்காணிப்பை வேண்டி நிற்பது நிரல்பெயர்ப்பி.

நிரல்பெயர்ப்பியின் பணி

மனிதர் எழுதும் நிரலைச் செயலி அறியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளே நிரல்பெயர்ப்பி ஆகும். 1957ஆம் ஆண்டில் ஜான் பேக்கஸ் தலைமையிலான ஐ.பி.எம். குழுவினர் ஃபோர்ட்ரான் மொழிக்குரிய நிரல்பெயர்ப்பியை வெளியிட்டனர். கையால் எழுதிய கட்டளைகளுக்கு நிகரான வேகம் கிட்டுமா என்பதே அன்று அவர்கள்முன் நின்ற பெரும் வினா. அவ்வினா இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘சக்தி’ செயலியில் 2018ஆம் ஆண்டு லினக்ஸ் இயங்கியது. செயலி எத்துணைச் சிறந்ததாயினும், அதற்குரிய கட்டளைகள் செம்மையாக அமையாவிடில் அதன் ஆற்றல் வீணாகும்.

பிழையில்லாப் பின்னடைவு

ஒரு சுழற்சிக்குள் விடை மாறாத கணக்கு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நல்ல நிரல்பெயர்ப்பி அதனைச் சுழற்சிக்கு வெளியே எடுத்து, ஒருமுறை மட்டும் செய்விக்கும். வேறொரு பிழையைத் திருத்தும்போது இத்திறன் அறியாமல் தடைபடலாம். அப்போதும் விடை சரியாகவே வரும். ஆனால் பத்தாயிரம் முறை அதே கணக்கு நிகழும். விடையை மட்டும் சரிபார்க்கும் சோதனை இதனை அறியாது. இதுவே செயல்திறன் பின்னடைவு.

ஒரு மாற்றத்தால் நூற்றில் ஒரு பங்கு நேரம் கூடினால் யாரும் உணரார். அத்தகைய எழுபது மாற்றங்கள் தொடர்ந்தாலோ ஒரு நொடியில் முடிந்த பணிக்கு இரண்டு நொடிகள் தேவைப்படும்.

தானியங்கி அளவீடு

இதனைத் தடுக்க, பெஞ்ச்மார்க் எனப்படும் அளவுகோல் நிரல்கள் பயன்படுகின்றன. ஒவ்வொரு மாற்றத்திற்கு முன்னும் பின்னும் அவற்றை இயக்கிக் கணினியே ஒப்பிடுகிறது. வேறுபாடு எல்லை மீறினால் எச்சரிக்கிறது. ரஸ்ட் மொழியின் நிரல்பெயர்ப்பி இவ்வாறே கண்காணிக்கப்படுகிறது.

அறையின் வெப்பமும் உடன் இயங்கும் பிற நிரல்களும் நேர அளவைப் பிறழச் செய்யும். எனவே ஒரே சோதனையைப் பலமுறை இயக்குவர். நேரத்துடன், செயலி நிறைவேற்றிய கட்டளைகளின் எண்ணிக்கையையும் கணக்கிடுவர். ஆயிரம் மாற்றங்களுக்கிடையே பின்னடைவு மறைந்திருப்பினும், வரிசையைப் பாதிபாதியாகப் பிரித்துச் சோதித்தால் பத்தே சோதனைகளில் அதன் மூலத்தை அடையலாம்.

அளவுகோலும் பிழைக்கலாம்

1988இல் தோன்றிய ஸ்பெக் அமைப்பு, தன் முதல் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்னும் நிரலைச் சேர்த்திருந்தது. நிரல்பெயர்ப்பிகள் அந்நிரலுக்கெனவே பொருந்தும் உத்திகளைக் கையாண்டமையால் அதன் மதிப்பெண் பன்மடங்கு உயர்ந்தது. பிற நிரல்கள் அந்த அளவு விரைவு பெறவில்லை. எனவே அடுத்த தொகுப்பில் அது நீக்கப்பட்டது. தேர்வுக்கு மட்டும் படித்தவர் பெறும் மதிப்பெண் அறிவாகாதது போன்றதே இது.

ஆகவே, அளவீடு இடையறாது நிகழவேண்டும். அளவுகோலும் உண்மையான பயன்பாட்டைக் காட்டவேண்டும். இவ்விரண்டும் அமைந்தால், பலர் கைபடும் மென்பொருளும் தன் விரைவை இழக்காது வளரும்.