கடல் கடந்து வந்த யாத்திரை

நவம்பரில் வேடந்தாங்கல் ஏரிக்குத் தூரதேசங்களிலிருந்து நீலச்சிறகி வாத்துகள் வந்திறங்கத் தொடங்கும். அதே மாதம் 15ஆம் தேதி, தமிழ்நாட்டில் பிறந்த ஒரு துறவற சபை தன் நிறுவனரை நன்றியோடு நினைவுகூர்கிறது. அவரும் தூரதேசத்திலிருந்து வந்தவர்தான்.

பிரான்ஸின் நான்த் நகரில் 1839இல் பிறந்த எலென் டி ஷப்போத்தான், துறவறத்தில் திருப்பாடுகளின் மரியா ஆனார். 1865இல் மதுரை மிஷனுக்கு அனுப்பப்பட்டார். 1876இல், தாம் சேர்ந்திருந்த சபையைப் பிரிந்து, மரியா உட்பட ஏறத்தாழ இருபது சகோதரிகள் ஊட்டியில் ஒன்றுகூடினார்கள். அப்போது ஊட்டிக்கு ரயில் இல்லை. அடுத்து என்ன என்பதும் தெரியாது. இருந்தும் அவர்கள் கலையவில்லை.

அவர்கள் சார்பில் மரியா ரோமுக்குப் போய் முறையிட்டார். 1877 ஜனவரி 6ஆம் தேதி, திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் புதிய சபைக்கு இசைவு தந்தார். அன்று மூன்று ராஜாக்கள் திருநாள்: விண்மீனைப் பின்தொடர்ந்து, போய்ச்சேரும் ஊர் தெரியாமல் நடந்தவர்களின் நாள்.

அந்தச் சபையே இன்றைய மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபை. மக்கள் வாயில் 'எஃப்.எம்.எம். சிஸ்டர்கள்'. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை 1947இல் தொடங்கியவர்கள் இவர்களே.

இவர்களின் மடத்துச் சிற்றாலயத்தில் நற்கருணைக்கு முன்னால் ஒரு சகோதரி முழந்தாளிட்டிருப்பார். அவர் எழுந்ததும் இன்னொருவர் அங்கே வந்து முழந்தாளிடுவார். அங்கிருந்து எழுந்துதான் வகுப்பறைக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் போகிறார்கள்.

மரியா 1904 நவம்பர் 15இல் இத்தாலியின் சான் ரேமோவில் இறந்தார். 2002 அக்டோபர் 20இல் அருளாளராக உயர்த்தப்பட்டார்.