வடிவம் ஒன்று, வழி வேறு

உங்கள் பழைய மடிக்கணினி திறக்கவே பல நிமிடங்கள் ஆகின்றனவா? புதியது வாங்குமுன் அதன் ஹார்ட் டிஸ்க்கை மாற்றிப் பார்க்கலாம்.

ஹார்ட் டிஸ்க்கில் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. கேட்ட தகவல் இருக்கும் இடத்திற்கு ஒரு சிறு கரம் நகர்ந்து சென்றாக வேண்டும். தாமதத்துக்கு அதுவே முக்கியக் காரணம். எஸ்எஸ்டி கருவியில் நகரும் பாகம் எதுவும் இல்லை. தகவல் மின்சில்லுகளில் இருக்கிறது.

கருவி விரைவானதாக இருந்தால் மட்டும் போதாது. தகவல் செல்லும் பாதையும் அகலமாக இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் காலத்துச் சாட்டா இணைப்பின் மூன்றாம் தலைமுறையில் உச்ச வேகம் விநாடிக்கு 600 மெகாபைட். எஸ்எஸ்டி போன்ற கருவிகளுக்கென்றே 2011இல் வெளியானது என்விஎம்இ. பிசிஐஇ மூன்றாம் தலைமுறையின் நான்கு தடங்களில் அது சுமார் 3,500 மெகாபைட் வரை எட்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘எம்.2’ என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. மெல்லிய பட்டை போன்ற அந்த வடிவில் சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ எஸ்எஸ்டியும் உண்டு. சாட்டாவை மட்டும் ஏற்கும் கணினியில் என்விஎம்இ கருவியைப் பொருத்தினால், கணினி அதை அடையாளம் காணாது, பணம்தான் வீண்.

எனவே வாங்குமுன் கணினியின் கையேட்டைப் பாருங்கள். எம்.2 வசதியே இல்லையா? கவலை வேண்டாம். 2.5 அங்குலச் சாட்டா எஸ்எஸ்டி போதும். அன்றாட வேலைகளில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். கழற்றும் முன் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைக்க மறவாதீர்கள்.