தனி ஊசல் சோதனையும் கணினியும்

பள்ளி ஆய்வகத்தில் செய்ய இயலாத அறிவியல் சோதனைகளைத் திரையில் செய்து காண்பதற்கு மெய்நிகர் சோதனை என்று பெயர். தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடும், அறிவியல் நூல்களில் இணையச் செயல்பாடு என்னும் பகுதியும் இடம்பெற்றன. இத்தகைய செயல்பாடுகளுக்கு உதவும் இலவசத் தொகுப்புகளில் ஒன்று ஃபெட். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கினார். இதன் சோதனைகள் பல தமிழிலும் உள்ளன.

தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டி ஆட்டினால் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 2 நொடி ஆகும். நூலை 25 செ.மீ. ஆக்கினால் 1 நொடி. கல்லின் எடையை மாற்றினாலும் நேரம் மாறாது. சாணார்பட்டி மாணவர் இதை அறியக் கணினி எதற்கு? சன்னல் கம்பியும் கைக்கடிகாரமும் போதும். 10 அலைவுகளுக்கான நேரத்தைக் குறித்து 10ஆல் வகுத்தால் பிழை குறையும்.

ஆனால் வகுப்பறையில் ஈர்ப்பை மாற்ற முடியாது. திரையில் நிலவைத் தேர்ந்தெடுத்தால் அதே ஒரு மீட்டர் ஊசல் ஓர் அலைவுக்கு ஏறக்குறைய 5 நொடி எடுத்துக்கொள்ளும். அங்கே ஈர்ப்பு புவியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்குதான். பொத்தானை அழுத்துமுன், ஊசல் வேகமாக ஆடுமா மெதுவாக ஆடுமா என்று மாணவர்களைக் கேட்டு விடையை எழுதச் சொல்ல வேண்டும். இல்லையேல் அது வெறும் படம் பார்ப்பதாகிவிடும்.

திரையில் உராய்வைச் சுழியாக வைத்தால் ஊசல் நிற்பதே இல்லை. அதை மட்டும் பார்த்தவருக்குக் காற்றுத் தடை பற்றிய கேள்வியே எழாது. சன்னலில் கட்டிய கல் நின்றுவிடுவதை முதலில் பார்த்தவர்தான், ஏன் நின்றது என்று கேட்பார்.

இணைய இணைப்பு இல்லாத பள்ளியிலும், முன்பே பதிவிறக்கிய கோப்பைக் கொண்டு ஒரே கணினியில் இதை நடத்தலாம்.