மம்பட்டி கொச்சைச் சொல்லா?



உங்கள் வீட்டுப் பின்புறத்தில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், ஒரு மம்பட்டி சாத்தி வைத்திருப்பீர்கள். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தவர்களில் சிலர்கூட, அப்பா பிடித்த மம்பட்டி என்று அதை எறிய மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்து உங்கள் பிள்ளையிடம் காட்டி, "இதற்குப் பெயர் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பேச்சில் வளர்ந்த பிள்ளை மம்பட்டி என்னும். கம்பத்துப் பிள்ளைகளோடு விளையாடும் பிள்ளை சங்குல் என்னும். பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்த பிள்ளை மண்வெட்டி என்னும்.

மூன்றில் எது சரி? மூன்றும் சரிதான்.

"இதென்ன பெரிய விஷயம்?" என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுரையில் மம்பட்டி என்று எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மையால் ஒரு கோடு விழுகிறது. ஓரத்தில் "கொச்சை" என்று ஒரு சொல்லும் விழுகிறது. பிள்ளை என்ன நினைக்கும்? "அப்பா பேசுவது தப்பு, அம்மா பேசுவது தப்பு, புத்தகம் பேசுவது மட்டும்தான் சரி." இந்த எண்ணம் ஒருமுறை மனத்தில் வேர் விட்டால் பிடுங்குவது கடினம். வகுப்பில் மண்வெட்டி என்ற எழுத்து வழக்கைக் கற்றுக் கொடுக்க வேண்டியதுதான். அதற்காக மம்பட்டியை இழிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

அகராதி ஏறிய மம்பட்டி

மண்ணை வெட்டுவது மண்வெட்டி. நாள் முழுதும் அதைச் சொல்லிச் சொல்லிப் புழங்கிய வாய்களில் அது மம்பட்டி ஆயிற்று, மம்மட்டி ஆயிற்று. அந்தப் பேச்சுச் சொல்லைத்தான் வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டு மமோட்டி என்று எழுதினார்கள். 1886இல் லண்டனில் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற அகராதியில் இந்தச் சொல் இருக்கிறது. யூல், பர்னல் என்ற இருவர் தொகுத்த நூல் அது. இது தமிழ்ப் பகுதிச் சொல் என்றாலும், இந்தியா முழுவதும் ராணுவக் கிடங்குச் சாமான் பட்டியலில் நெடுநாளாக இடம்பெற்ற சொல் என்று அதில் சொல்லியிருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் துரைமார்களும் இதே சொல்லைப் புழங்கினார்கள்.

அதே 1886இல்தான் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்து ரயில் பாதைகளிலும் சாலைகளிலும் மண் வெட்டியவர்களில் நம்மவர்களும் உண்டு. அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர்கள் பேச்சோ ஆங்கில அகராதியில் ஏறி உட்கார்ந்துவிட்டது!

ஆங்கிலேயரிடம் ஸ்பேடு என்ற கருவி இருந்ததே, பிறகு ஏன் நம் சொல் வேண்டியிருந்தது? ஸ்பேடு நேரான தகடு. பூட்ஸ் காலால் மிதித்து மண்ணுக்குள் இறக்க வேண்டும். வெறுங்காலோடு நிற்பவன் அதை எப்படி மிதிப்பான்? நம் மம்பட்டியின் தகடு காம்பை நோக்கி மடங்கியிருக்கும். ஓங்கி வெட்டி, மண்ணைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். வேலை செய்கிற முறையே வேறு. ஆகவே பெயரும் வேறாக வேண்டியிருந்தது.

ஒரே இரும்பு, பல பெயர்

கிள்ளான் கடற்கரைப் பக்கம் தாழ்ந்த நிலம். கேரித் தீவில் கடல்நீர் ஏறாமல் இருக்கக் கரை கட்டி, கான் வெட்டித்தான் தோட்டம் போட்டார்கள். பெரிய இயந்திரங்கள் வருமுன் இப்படிப்பட்ட வேலையெல்லாம் கையால் செய்ததுதான். அந்தக் கரையோரத் தோட்டங்களில் தமிழரும் ஜாவாக்காரரும் சீனரும் மண் வெட்டினார்கள். மலாயில் அது சங்குல். ஜாவா மொழியில் பாச்சுல். மலையாளிகளுக்கு அது தூம்பா. தெலுங்கர்களுக்கு அது பார.

இங்கேதான் வேடிக்கை. தூம்பு என்றால் தமிழில் நீர் போகும் வழி. மலையாளி தூம்பா கேட்டால், தமிழன் கானைக் காட்டுவான்! பாரை என்றால் நமக்குக் கடப்பாரை. தெலுங்கர் பார கேட்டால் நாம் கடப்பாரையைத் தூக்கிக் கொடுப்போம். இன்று மண் வேலைக்கு வந்திருக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளி மம்பட்டியைக் கோதால் என்கிறார். அவசரத்தில் அது நம் காதில் கோடாலி என்றுதான் விழும்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஆழமான கானுக்குள் ஒருவன் நின்றுகொண்டு கருவி கேட்கும்போது, மேலே நிற்பவனுக்குச் சொல் புரியாவிட்டால் என்ன ஆகும்? மண் சரிகிற நேரத்தில் யாரும் அகராதி புரட்ட முடியாது. ஆகவே, கலந்து வேலை செய்கிற இடத்தில், காலையிலேயே கருவிகளைக் கையில் எடுத்து, "இது உங்கள் ஊரில் என்ன?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டு நிமிடத்து வேலைதான்.

அலவாங்கு சொல்லும் கதை

இன்னொரு கருவியைப் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ரயில்வே வேலைக்கும் எழுத்தர் வேலைக்கும் வந்த யாழ்ப்பாணத்தார் பலர் குடியிருந்தார்கள். ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோவில் அவர்கள் எழுப்பியதுதான். நாம் கடப்பாரை என்பதை அவர்கள் அலவாங்கு என்பார்கள். மலாயில் அதற்கு அலபங்கா என்றொரு பெயர் உண்டு. காதுக்கு ஒன்றுபோல இருக்கிறதல்லவா?

இரண்டுக்கும் தாய் ஒன்றே. அலவாங்க்கா என்ற போர்த்துகீசியச் சொல். போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். 1619இல் யாழ்ப்பாண அரசையும் தம் வசமாக்கிக் கொண்டார்கள். ஆட்சி போயிற்று, இரும்புக் கம்பியின் பெயர் மட்டும் இரண்டு கரையிலும் தங்கிவிட்டது. இதைப் போலவே, மலாய்க்காரர் மண்ணள்ளும் கருவியைச் செகோப் என்பது டச்சுக்காரர் விட்டுச் சென்ற சொல். நாம் சவல் என்பதும், பிக்காசு என்பதும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. பிக்காசுக்குக் குந்தாலி என்று தமிழிலேயே பழைய பெயர் ஒன்று இருக்கிறது. தெரிந்துகொள்ளுங்கள்.

பனி தேசத்திலும் இப்படித்தான்

பனி என்றால் நமக்கு மார்கழிப் பனி, புல்நுனியில் நிற்கும் துளி. குளிர்தேசங்களிலோ அது முழங்கால் உயரம் கொட்டி வாசலை அடைத்துவிடும். கனடாவில் குடியேறிய தமிழர்களும் குளிர்காலத்தில் வாசல் பனியை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில், இரு கையாலும் தள்ளிக்கொண்டு போகும் ஒரு பெரிய பனித் தட்டுக்கு யூப்பர் ஸ்கூப்பர் என்று பெயர். யூப்பர் என்பது அந்த வட்டாரத்து மக்களைக் குறிக்கும் பட்டப்பெயர். தங்கள் கருவிக்குத் தங்கள் பெயரையே வைத்துக்கொண்டு, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறார்கள். நாம் மட்டும் மம்பட்டி என்று சொல்ல ஏன் கூச வேண்டும்?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் துண்டாடப்பட்டு, லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. கருவிகள் துருப்பிடிக்கு முன்பே பெயர்கள் மறந்துபோகின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தா பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் கையாண்ட கருவிகளின் பெயரைக் கேட்டு, பிள்ளைகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் படம் வரையட்டும். ஒவ்வொரு கருவியையும் எந்த வேலைக்கு, எப்படிப் பிடித்தார்கள் என்றும் எழுதட்டும்.

நம் முன்னோர் பலர் நமக்கென்று நிலபுலன் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. இந்தச் சொற்களை விட்டுப் போயிருக்கிறார்கள். இவற்றையாவது பிள்ளைகள் கையில் பத்திரமாகக் கொடுப்போம்.