கண்ணாடி பொய் சொல்லுமா?

செம்பூரில் நான் கடை வைத்திருந்தபோது, முகச்சவரக் கண்ணாடி வாங்கிப் போன ஓர் அம்மாள் மறுநாளே திரும்பி வந்தார். "ஐயா, கிட்ட வச்சா மூஞ்சி பெரிசா தெரியுது, தள்ளிப் போனா தலைகீழாத் தெரியுது. கோளாறான சரக்கைக் குடுத்துட்டீங்களே!" என்றார். நானும் கோளாறுதான் என்று ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு பேரனின் பாடப்புத்தகத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, கோளாறு சரக்கில் இல்லை, என் அறிவில்தான் என்று.

அது குழியாடி. உள்பக்கம் குழிந்தது. தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்களை ஒரு புள்ளியில் கூட்டும். அப்புள்ளியே குவியம். குவியத்தூரம் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முகத்தை 20 செ.மீ.யில் வைத்தால் பிம்பம் ஆடிக்குப் பின்னே, நிமிர்ந்து, மூன்று மடங்காய்த் தெரியும். இது மாயபிம்பம், திரையில் பிடிக்க முடியாது. சரியாக 30 செ.மீ.யில் கதிர்கள் இணையாகப் போய்விடும், பிம்பம் கிட்டாது. 60 செ.மீ.யில் தலைகீழாக, அதே அளவில் விழும். 90 செ.மீ.க்குப் போனால் பிம்பம் ஆடிக்கு முன்னே 45 செ.மீ.யில், தலைகீழாக, பாதி அளவில் நிற்கும். இது மெய்பிம்பம். இரவில் விளக்கை அணைத்து, 90 செ.மீ.யில் மெழுகுவத்தி ஏற்றி, 45 செ.மீ.யில் ஒரு வெள்ளைத் துண்டுத்தாளைச் சற்று ஒதுக்கிப் பிடியுங்கள். சுடர் தலைகீழாக அதில் விழும். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இந்தக் கணக்குதான் லடாக்கின் ஹான்லேயில், 4,270 மீட்டர் உயரத்தில், நம் அணுசக்தி நகர்வாசிகள் பலர் பணிபுரியும் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த 'மேஸ்' தொலைநோக்கியிலும் இருக்கிறது. 2024 அக்டோபர் 4-ல் திறக்கப்பட்டது. 21 மீட்டர் அகலம். 1,424 சிறு ஆடிகள் சேர்ந்து ஒரே குழியாடியாய் வேலை செய்கின்றன. காமா கதிர் காற்றில் மோதும்போது எழும் மங்கிய நீல ஒளியை 1,088 கண்கள் கொண்ட கேமராவில் அவை குவிக்கின்றன. குவியத்தூரம் சுமார் 25 மீட்டர். நட்சத்திர ஒளி அங்கேயே குவியும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் எழும் ஒளியோ இன்னும் ஆறு சென்டிமீட்டர் தள்ளிக் குவியும். அத்தனை உயரத்துக்கும் தூரம் பேசுகிறது, பாருங்கள்!

வண்டியின் பக்கக் கண்ணாடி குவியாடி. எந்தத் தூரத்திலும் நிமிர்ந்து, சிறிதாகவே காட்டும். அதனால் பின்னால் வரும் லாரி இருப்பதைவிட எட்ட இருப்பதாகத் தோன்றும். ஸ்கூட்டர் ஓட்டும் நம் பிள்ளைகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எங்கள் சமணம் அநேகாந்தம் என்கிறது: பார்க்கும் இடம் மாறினால் பொருளின் தோற்றமும் மாறும், ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைப் பொய் என்னாதே. அந்த அம்மாள் கண்டது இரண்டும் மெய்தான். பிறகு ஒருநாள் அவரைக் கண்டபோது அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடியையும் மறுபடி வாங்கிக்கொண்டார்.