தந்தையின் வாயில் வளரும் மீன்

கிள்ளான் பள்ளத்தாக்கில் கடல்மீன் வளர்ப்போரின் தொட்டிகளில் நீங்கள் ஒரு சிறிய மீனைக் காண நேரிடலாம். வெள்ளி நிற உடல், அதில் மூன்று கறுப்புப் பட்டைகள், துடுப்பெங்கும் வெண்புள்ளிகள். வளர்ந்தாலும் சுமார் 8 சென்டிமீட்டர்தான். இதன் பெயர் பங்காய் கார்டினல் மீன்.

இதன் இயற்கை வாழிடம் இந்தோனேசியாவில், சுலாவேசிக்குக் கிழக்கே உள்ள பங்காய் தீவுகளும் அவற்றை ஒட்டிய கடற்பகுதியும் ஆகும். 1933இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. அதன்பின் சுமார் 60 ஆண்டுகள் இம்மீனைப் பற்றி உலகம் மறந்தே போனது.

அலை அமைதியாக உள்ள ஆழமற்ற கரையோரமே இதற்குப் பிடித்த இடம். அங்கே கடற்புல்லுக்கும் பவளப்பாறைகளுக்கும் நடுவே, நீண்ட கருமுட்களைக் கொண்ட கடல் முள்ளெலிகள் கூட்டமாக இருக்கும். நம் காலில் குத்தினால் கடுமையாக வலிக்கும் அந்த முட்கள்தாம் இம்மீனுக்கு வேலி. பெரிய மீன் துரத்தினால், சட்டென்று முட்களுக்கிடையே நுழைந்துவிடும். குஞ்சுகள் கடற்சாமந்திகளிலும் ஒளிந்துகொள்ளும்.

பெண்மீன் இடும் முட்டைகளை ஆண்மீன் வாயில் ஏந்திக்கொள்கிறது. சுமார் 20 நாளில் அவை பொரிக்கும். அதன் பிறகும் ஏறக்குறைய பத்து நாள் குஞ்சுகள் தந்தையின் வாயிலேயே வளரும். அதுவரை தந்தைக்கு உணவில்லை!

பெரும்பாலான பவளப்பாறை மீன்களின் இளங்குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தொலைவிடங்களுக்குப் பரவும். இம்மீனின் குஞ்சுகளோ பிறந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே, ஓரிடத்து மீன்களை முழுவதும் பிடித்துவிட்டால், வேறிடத்திலிருந்து வந்து அவ்விடத்தை நிரப்ப மீன்கள் இல்லை.

1990களின் நடுவில் இம்மீன் மீண்டும் கவனத்திற்கு வந்ததும் வணிகம் பெருகியது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 700,000க்கும் மேற்பட்ட மீன்கள் பிடிக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். 2007இல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. மீன் பிடிப்பு மட்டுமே சிக்கலன்று. உணவுக்காகக் கடல் முள்ளெலிகளையும் கடற்சாமந்திகளையும் எடுப்பதால் மீனின் வேலியும் குறைகிறது.

குஞ்சுகள் ஓரளவு வளர்ந்தே வெளிவருவதால், இம்மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விக்க முடிகிறது. அதனால், விலை கேட்கும்போதே, “இது கடலில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா?” என்றும் கேட்கலாம். சில வேளைகளில் கடைக்காரருக்கே விடை தெரிந்திருக்காது.