10,000 எம்ஏஹெச் பவர் பேங்க்... உண்மையிலேயே அவ்வளவு இருக்கா? வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

பாக்ஸில் 10,000 எம்ஏஹெச் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. உங்கள் போனில் இருப்பதோ 5,000 எம்ஏஹெச் பேட்டரி. அப்போ ரெண்டு முறை ஃபுல் சார்ஜ் ஏறணும்தானே? ஏறாது. ஒன்றரை முறை ஏறினாலே அது நல்ல பவர் பேங்க். ஒருமுறைகூட முழுசா ஏறவில்லை என்றால், ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஏன் இந்த வித்தியாசம்?

10,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் கணக்கு. அந்த செல் சுமார் 3.7 வோல்ட்டில் வேலை செய்கிறது. இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 37 வாட் ஹவர். ஆனால் யூஎஸ்பி வழியாக வெளியே வருவது 5 வோல்ட். இப்படி வோல்ட்டை உயர்த்தும்போது 10 முதல் 15 சதவிகிதம் வெப்பமாக வீணாகிவிடும். மிச்சம் 31 முதல் 33 வாட் ஹவர், அதாவது 6,000 சொச்சம் எம்ஏஹெச். பாக்ஸின் பின்னால் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று பொடி எழுத்தில் இருப்பது இதுதான்.

முதலில் என்ன பார்க்கணும்?

* எடை: சமையலறைத் தராசு போதும். 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் பொதுவாக 180 முதல் 250 கிராம் இருக்கும். 100 கிராம்தான் காட்டுகிறதா? சந்தேகப்படுங்கள்.
* பதிவு எண்: பிஐஎஸ் முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால், எந்த நிறுவனத்துக்குத் தரப்பட்டது என்று தெரிந்துவிடும்.

டெஸ்ட் எப்படி?

சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி மீட்டர் கிடைக்கிறது.

1. பவர் பேங்கை ஃபுல் சார்ஜ் செய்யுங்கள். மீட்டரைச் செருகி, அதில் ஒரு யூஎஸ்பி ஃபேனை மாட்டி, தானாக அணையும் வரை ஓட விடுங்கள். பல மணி நேரம் ஆகும். லீவு நாளில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது செய்யுங்கள்.
2. மீட்டரில் வாட் ஹவர் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்ஏஹெச் எண்ணை நம்ப வேண்டாம். ஃபாஸ்ட் சார்ஜிங்கில் வோல்ட் மாறினால் அந்த எண்ணும் மாறும்.
3. மறுபடி ஃபுல் சார்ஜ் செய்து, ஒரு வாரம் சும்மா வைத்துவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். நல்ல லித்தியம் பேட்டரி மாதத்துக்கே சில சதவிகிதம்தான் இழக்கும். ஒரே வாரத்தில் பெரிய சரிவு என்றால் உள்ளே ஏதோ சரியில்லை.

மீட்டர் இல்லையா? போன் எத்தனை சதவிகிதம் ஏறியது என்று கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 140, 150 வந்தால் ஓகே.

எப்போது உடனே நிறுத்தணும்?

லேசான சூடு சகஜம். கையில் பிடிக்க முடியாத சூடு, உப்பல், இனிப்பு கலந்த கெமிக்கல் வாடை... இதில் ஒன்று தெரிந்தாலும் ஒயரைக் கழற்றிவிட்டு, எரியக்கூடிய பொருட்களிடமிருந்து தள்ளி வையுங்கள். ஆணி அடிப்பது, பிரித்துப் பார்ப்பது, ஷார்ட் செய்வது எல்லாம் வீட்டில் செய்யும் சோதனைகள் அல்ல. உப்பிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் இ-வேஸ்ட் மையத்தில் கொடுங்கள்.

பாஸ் ஆனால் பாதுகாப்பா?

இல்லை. இந்த டெஸ்ட் சொல்வது கெபாசிட்டியை மட்டும்தான். செல்லுக்குள் இருக்கும் தயாரிப்புக் குறையை எந்த மீட்டரும் காட்டாது. 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் அமெரிக்காவில் 'பவர்கோர் 10000' மாடலில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பவர் பேங்குகளைத் தீப்பிடிக்கும் அபாயத்தால் திரும்பப் பெற்றது. பிராண்ட் பெயர் மட்டுமே உத்தரவாதம் இல்லை.

அதனால் பில்லையும் மாடல் எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். ரீகால் வந்தால் அதுதான் கைகொடுக்கும். மெத்தை மேல், தலையணைக்குப் பக்கத்தில், தூங்கும்போது சார்ஜ் போடும் பழக்கத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.